பழைய வீணைக்கு என்ன பூசலாம்?

காங்கேசன்துறை வீதியில் மருதனார்மடச் சந்தி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஆஞ்சநேயர் கோயிலும் சந்தையும்தான். இசை படிக்கிற பிள்ளைகளைப் பெற்ற தாய்மாருக்கு அது வேறொரு ஊர். 1913ஆம் ஆண்டில் சேர் பொன். இராமநாதன் பெண்பிள்ளைகளுக்கென நிறுவிய கல்லூரி இங்கே இருக்கிறது. அதனை அடுத்து 1960இல் ஓர் இசைக் கல்லூரியும் தொடங்கியது. மகாராஜபுரம் சந்தானம் போன்ற வித்துவான்கள் கடல் கடந்து வந்து அதற்கு அதிபராக இருந்திருக்கிறார்கள். 1975இல் அது பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. நுண்கலைக் கழகம் என்று நாங்கள் சொல்லிப் பழகிய அந்த நிறுவனம் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஒரு பீடமாக வளர்ந்திருக்கிறது. 1931இல் உருவான வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்கும் பிள்ளைகளை இந்த ஊருக்குத்தான் கூட்டிக்கொண்டு ஓடுகிறோம்.

ஆகவே இணுவில், உடுவில், சுன்னாகம், கோண்டாவில் என்று சுற்றுவட்டாரத்து வீடுகளில் ஒரு வீணையாவது இருப்பது புதினமல்ல. வாசிக்கப்படுகிற வீணைகள் எத்தனை என்பதுதான் கேள்வி. வேலை நிமித்தம் வீடு வீடாகப் போகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: அலுமாரிக்கு மேலே பழைய சேலையால் சுற்றப்பட்டோ, சாமியறை மூலையில் தூசி படிந்தோ, பரணில் நெல்லுச் சாக்குகளுக்குப் பக்கத்திலோ வீணைகள் கிடக்கின்றன. இதற்கு ஒரு சமூகக் காரணமும் உண்டு. ஒரு காலத்தில் "பிள்ளை வீணை வாசிப்பா" என்பது கல்யாணப் பேச்சில் சொல்லப்பட்ட தகுதிகளில் ஒன்று. தகுதி நிறைவேறியதும் பிள்ளை புகுந்த வீட்டுக்குப் போனாள், வீணை பிறந்த வீட்டில் தங்கிவிட்டது. சீதனப் பட்டியலில் அதற்கு அநேகமாக இடம் கிடைக்கவில்லை.

இந்தக் கட்டுரை அப்படித் தங்கிப்போன ஒரு வீணையைப் பற்றியது. அதற்குக் கடைசியில் என்ன பூச்சுப் பூசுவது என்பதில் ஒரு வீட்டில் நான்கு பேருக்கு நான்கு அபிப்பிராயம் வந்தது. பொலிஷ் பூசுவது தச்சுத் தொழிலாளியின் வேலைதானே, இதில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகிகள் நினைக்கலாம். நானும் அந்த வீட்டுக்கு வேறு அலுவலாகத்தான் போனேன். அங்கே நடந்த வாக்குவாதத்தைக் கேட்டபிறகு இது வெறும் பளபளப்புப் பற்றிய விடயம் அல்ல என்று புரிந்தது.

அந்த வீட்டின் கதை

வீட்டுக்காரி அறுபது வயதைக் கடந்த அம்மா. 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது வீணையைத் தூக்கிக்கொண்டு போக வழியில்லை. பரணில் வைத்துவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். 1996இல் திரும்பி வந்து பார்த்தபோது வீட்டில் பல பொருட்கள் இல்லை, வீணை இருந்தது. அவருடைய மகள் அதில்தான் தொடர்ந்து படித்தாள். பிறகு கலியாணம் முடித்து வன்னிக்குப் போனாள். வீணை இங்கேயே நின்றுவிட்டது. 2008 நவம்பரில் 'நிஷா' புயல் மழையில் கூரை ஒழுகி வீணை நனைந்தது. அடுத்த ஆண்டு மகளே இல்லாமற் போனாள். செட்டிகுளம் முகாமிலிருந்து ஒரு வயதுக் குழந்தை அம்மம்மாவின் கைக்கு வந்து சேர்ந்தது. அதன்பிறகு அந்த வீணையை யார் நினைத்தார்கள்?

அந்தக் குழந்தை இப்போது பெரிய பிள்ளை. பாடசாலை வீணையில் பழகுகிறாள். பாடசாலை வீணையை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. தஞ்சாவூரிலிருந்து வருகிற புது வீணை ஒன்றை வாங்குவது 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சாதாரண குடும்பத்தால் எட்டமுடியாத காரியமாகிவிட்டது. பரீட்சை நெருங்குகிறது. பரணிலிருந்து வீணையை இறக்கினார்கள்.

குடத்தின் மேற்பலகையில் நாலு விரற்கடை நீளத்துக்கு வெடிப்பு. சுரைக்காய் நசிந்துபோயிருந்தது. மெட்டுக்கள் நிற்கிற மெழுகு உலர்ந்து துண்டு துண்டாக உதிர்ந்தது. உடம்பெங்கும் வெள்ளை வெள்ளையாக மழைநீர்ப் படலம். ஆனால் குடத்தின் விளிம்பில், வலது மணிக்கட்டு வந்து தங்கும் இடத்தில், பூச்சு முழுவதும் தேய்ந்து மரம் கறுத்து வழுவழுவென்று ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடம் இருந்தது. மகளின் கை பத்து வருடமாகத் தேய்த்த தடம் அது. அம்மாவிடம் மகளின் புகைப்படம்கூட இரண்டுதான் மிஞ்சியிருக்கிறது.

தச்சு வேலை செய்த பெரியவர் கெட்டிக்காரர். வெடிப்பைச் செதுக்கிப் பழைய பலாத் துண்டு செருகி ஒட்டிச் சீராக்கிவிட்டார். அடுத்தது பூச்சு. "எல்லாத்தையும் உரஞ்சி மரத்தைக் காட்டி, சீலர் ரெண்டு கோட், மேல லக்கர் ரெண்டு கோட் அடிச்சு விட்டா கண்ணாடி மாதிரி வரும்" என்றார். கனடாவிலிருந்து காசு அனுப்பிய மகனும் தொலைபேசியில் அதையே சொன்னார், புதுசு மாதிரி இருக்கவேண்டும் என்று. பேத்திக்கும் மேடையில் மினுங்குகிற வீணைதான் ஆசை. அம்மா மாத்திரம் மணிக்கட்டுத் தடத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு, "உரஞ்சிறதெண்டா உரஞ்சுங்கோ. ஆனா இந்த இடத்தைத் தொடக்கூடாது" என்றார்.

ஒரு வீணையில் ஒரு உள்ளங்கை இடத்தை மாத்திரம் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் உரஞ்சி லக்கர் அடித்தால் அது சொறி பிடித்த மாடு மாதிரித்தான் இருக்கும். பெரியவர் கையை விரித்தார். அங்கேதான் நாலாவது ஆள் வந்தாள். எங்கள் மகளிர் குழுவில் உள்ள சகோதரி. கணவர் இல்லாமல் மூன்று பிள்ளைகளை வளர்க்கிறவள். தளபாடக் கடை ஒன்றில் ஏழு வருடமாகக் கதிரை மேசைகளுக்குப் பொலிஷ் போடுகிறாள். அங்கே ஆண்களுக்குக் கொடுக்கிற நாட்கூலி அவளுக்குக் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவள் வீணையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, முதல்ல இதில ஏற்கனவே என்ன பூசியிருக்கெண்டு பாக்கவேணும்" என்றாள்.

முதலில் செய்யவேண்டிய சோதனை

பழைய மரப் பொருள் எதற்கும் இது பொருந்தும். குடத்தின் அடிப்பக்கம் போன்ற கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில், பஞ்சில் மெதிலேற்றட் ஸ்பிரிற் நனைத்து மெதுவாகத் தொட்டுப் பார்க்கவேண்டும். சிறிது நேரத்தில் பூச்சு பிசுபிசுத்துப் பஞ்சில் மண்ணிறமாக ஒட்டினால் அது அரக்குப் பொலிஷ். ஸ்பிரிற்றுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் அநேகமாக லக்கர். இரண்டுக்கும் அசையாமல் இருந்தால் எண்ணெய் வார்ணிஷ், பெயின்ற் அல்லது பொலியூரிதேன் என்று எடுத்துக்கொள்ளலாம். பழைய பெயின்ற்றாக இருந்தால் உலர்ந்தபடி உரஞ்சக்கூடாது. பழைய பெயின்ற்றுகளில் ஈயம் இருக்கக்கூடும். அந்தத் தூள் மூச்சோடு போவது சிறு பிள்ளைகளுக்கு மிகவும் கெடுதி.

எங்கள் பஞ்சு மண்ணிறமானது. சகோதரி சிரித்துவிட்டாள். "அரக்கு, அக்கா. அப்ப ஒண்டும் உரஞ்சத் தேவையில்லை."

ஏன் தேவையில்லை? இதுதான் முழு விடயத்தினதும் கருப்பொருள். பொலியூரிதேன் போன்ற பூச்சுகள் காய்ந்தபிறகு வேதியியல் முறையில் மாறிவிடுகின்றன. மேலே போடுகிற புதிய பூச்சு கீழே உள்ள பழைய பூச்சோடு கலக்காது, ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். அது ஒட்டுவதற்காகவே உரஞ்சவேண்டியிருக்கிறது. அரக்கு அப்படியல்ல. எத்தனை வருடம் போனாலும் ஸ்பிரிற் பட்டால் அது திரும்ப இளகும். ஆகவே புதிய அரக்கு பழைய அரக்கை இளக்கி அதனோடு ஒன்றாகிவிடுகிறது. மழைநீரால் வந்த வெள்ளைப் படலமும் பெரும்பாலும் மரத்திலல்ல, பூச்சுக்குள் புகுந்த ஈரம்தான். ஸ்பிரிற் இலேசாக நனைந்த துணியால் விரைவாக ஒருமுறை துடைத்தால் அது மறைந்து போகிறது. எங்கள் கண்முன்னே ஒரு கைப்பிடி அளவு இடத்தில் வெள்ளை போய் உள்ளேயிருந்து பலாவின் தேன்நிறம் எழும்பியபோது, அதுவரை வாசற்படியில் நின்ற பேத்தி கிட்ட வந்து குனிந்து பார்த்தாள்.

அரக்கு என்றால் என்ன?

அரக்கு மாளிகைக் கதை தெரிந்த எங்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் கூட்டங்கூட்டமாக ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கின்ற பிசின்தான் அரக்கு. இந்தியாவும் தாய்லாந்தும் இதைப் பெருமளவு உற்பத்தி செய்கின்றன. அந்தப் பிசினை உருக்கி வடித்து மெல்லிய தகடாக இழுத்து உடைத்தால் செதில் செதிலாக வரும். அவல் போலத் தட்டையாக இருப்பதால் அதற்கு அவலரக்கு என்று பெயர். நகை செய்கிறவர்களும் அரக்கைப் பாவிக்கிறார்கள்.

பூச்சி என்றதும் அம்மாவின் முகம் மாறியது. அவர் சுத்த சைவம். சரஸ்வதி கையில் இருக்கிற வீணைக்குப் பூச்சியின் பிசினா? நான் என்ன சொல்வதென்று யோசிக்குமுன் சகோதரி சொன்னாள்: "அம்மா, நீங்கள் கோயிலுக்குக் கட்டுற பட்டுச்சேலையும் பூச்சியில இருந்துதானே." மினுக்கம் பூசிய சில மாத்திரைகளிலும் இனிப்புகளிலும் இதே அரக்குத்தான் இருக்கிறது என்பதை நான் அப்போது சொல்லவில்லை. அவர் பாவம், மாத்திரை போடுகிறவர். பழைய காலத்து வச்சிரப் பசை எதிலிருந்து செய்யப்பட்டது என்பதையும் சொல்லவில்லை. இந்த வீணையில் ஐம்பது வருடமாக இருப்பதே அரக்குத்தான் என்பது அவரைச் சமாதானப்படுத்தப் போதுமாக இருந்தது.

மற்றப் பூச்சுகள் கூடாதவையா?

அப்படிச் சொல்லமாட்டேன். லக்கர் விரைவாகக் காயும், விசிறி அடித்தால் நேர்த்தியாக இருக்கும். வெளிநாட்டுக் கிற்றார்கள் பலவற்றில் பல காலமாக அதுதான். பொலியூரிதேன் தண்ணீர், சூடு, வியர்வை எல்லாவற்றையும் தாங்கும். பாடசாலையில் ஒரு நாளைக்கு இருபது பிள்ளைகள் தொடுகிற வீணைக்கு அது நல்லது என்றுகூடச் சொல்வேன். ஆனால் சிராய்ந்தாலோ வெடித்தாலோ அந்த இடத்தை மாத்திரம் திருத்துவது கடினம். முழுவதையும் உரஞ்சித்தான் மறுபடி போடவேண்டும். தடித்துப் போட்டுவிடுவார்கள் என்பது அடுத்த பயம். குடத்தின் மேற்பலகை அதிர்ந்துதான் நாதம் பிறக்கிறது. அதன்மேல் கண்ணாடி போல நாலு படை ஏற்றினால் அந்த அதிர்வுக்கு அது சுமைதான். இதற்காக, பொலிஷ் மாற்றினால் வீணை வேறு குரலில் பேசும் என்று நம்பிவிடவேண்டாம். குதிரையின் மேலுள்ள தகட்டின் வளைவும், மெட்டுக்களின் மட்டமும், தந்திகளும் செய்கிற வித்தியாசத்துக்கு முன்னால் மெல்லிய பூச்சு செய்வது சிறிது. மேற்பலகையில் மெல்லிதாகப் போடவேண்டும், அவ்வளவுதான்.

வயலின் உலகத்தில் இந்தப் பூச்சு விடயம் ஒரு பெரிய இரகசியம் போலவே பேசப்பட்டு வந்தது. இத்தாலியில் ஸ்ரடிவாரி என்பவர் செய்த வயலின்களின் இனிமைக்கு அவர் பூசிய மர்ம வார்ணிஷ்தான் காரணம் என்று நூற்றாண்டுக் கணக்கில் கதை கட்டினார்கள். பாரிஸ் இசை அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய ஐந்து வாத்தியங்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவு என்ன தெரியுமா? மரத்தில் முதலில் ஊறிய காய்கிற எண்ணெய், அதன்மேல் எண்ணெயும் பைன் மரப் பிசினும் கலந்த பூச்சு, சிவப்புக்குச் சில வர்ணங்கள். அந்தக் காலத்து ஓவியர்கள் எல்லாரிடமும் இருந்த சாமான்கள்தான்.

எண்ணெய் என்றதும் ஒரு எச்சரிக்கை. எங்கள் வீடுகளில் வீணை வறண்டு கிடக்கிறதென்று தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் பூசுகிற வழக்கம் இருக்கிறது. இவை நன்றாகக் காய்ந்து இறுகுகிற எண்ணெய்கள் அல்ல. தூசியைப் பிடித்துச் சிக்கேறி மணக்கத் தொடங்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்து இறுகும். அதனால்தான் மரவேலைக்கு அது. ஆனால் இறுகும்போது சூடு பிறக்கும். அந்த எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவிட்டுத்தான் எறியவேண்டும்.

இன்னொன்றையும் பெண்கள் கவனிக்கவேண்டும். வீட்டுக்குள்ளே, குழந்தை தூங்குகிற அறைக்குப் பக்கத்தில், தின்னரும் இரண்டு போத்தல் கலக்கிற பொலியூரிதேனும் விசிறக்கூடாது. அவ்வகைப் பொலியூரிதேனின் இறுக்கியில் உள்ள இரசாயனம் தொழிலாளரிடையே ஆஸ்துமாவை உண்டாக்குவதாக அறியப்பட்டது. சாதாரண முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. தளபாடக் கடைகளில் இந்த வேலைக்குப் போகிற எங்கள் பிள்ளைகளுக்கு யார் இதைச் சொல்கிறார்கள்?

பலாவின் நிறம்

தஞ்சாவூர் வீணை பலாவில் செய்யப்படுவது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கைவினைக்குப் பண்ருட்டிப் பக்கத்துப் பலா பெயர்போனது. வெட்டின பலா மஞ்சளாக இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டுப் பட்டு வருடக்கணக்கில் மண்ணிறமாகும். அந்த மஞ்சள் சாயத்தைப் பிக்குகளின் காவியுடைக்கும் தோய்த்திருக்கிறார்கள். ஆகவே பழைய வீணையில் புதுப் பலாவைச் செருகினால் முகத்தில் ஒட்டிய பிளாஸ்ரர் போல் தெரியும். அதற்காக முழு வீணைக்கும் கடும் சாயம் பூசி மறைப்பதுதான் வழமை. பெரியவர் இந்த இடத்தில் புத்திசாலித்தனம் செய்திருந்தார். இடிந்த வீடொன்றின் கதவுநிலையில் இருந்த பழைய பலாத் துண்டைத்தான் எடுத்திருந்தார். எங்கள் நாட்டில் பலா மரம் தறிக்க அனுமதி வேண்டும். பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் 1951ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. பழைய கதவு, நிலை, கட்டில்கால் எதையும் விறகுக்குக் கொடுக்குமுன் ஒரு தச்சரிடம் காட்டுவது நல்லது.

செய்த முறை

சாமான் வாங்கப் போன கதை தனி. சுன்னாகத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் ஸ்பிரிற் கேட்டபோது கடைக்காரர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்து, "ஆருக்கு?" என்றார். "வீணைக்கு" என்றாள் சகோதரி. அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை. அரக்குச் செதில் யாழ்ப்பாண நகரில்தான் கிடைத்தது.

ஒரு லீற்றர் ஸ்பிரிற்றுக்கு 250 கிராம் செதில் என்ற கணக்கில் கண்ணாடிப் போத்தலில் ஊறவைத்தோம். இரும்புத் தகரத்தில் வைத்தால் நிறம் கறுக்கும். ஒரு இரவு ஊறி, இடைக்கிடை குலுக்கி, அடுத்த நாள் பழைய வேட்டித் துணியால் வடித்தோம். போத்தலில் திகதி எழுதி ஒட்டவேண்டும். கரைத்த அரக்கு ஆறு மாதத்துக்கு மேல் போனால் சரியாகக் காயாமல் பிசுபிசுக்கத் தொடங்கும். சந்தேகமென்றால் கண்ணாடித் துண்டில் ஒரு துளி விட்டுப் பார்க்கலாம்.

எங்கள் காலநிலையில் மாதம் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடக்கூடாது. ஸ்பிரிற் ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிரும், காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பூச்சு பால்போல் வெளிறிவிடும். நாங்கள் மாசி மாதத்தில், பனி விலகிய பிறகு பத்து மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் முடித்தோம். விறாந்தையில், அடுப்படிக்குத் தூரத்தில். ஸ்பிரிற் நெருப்பை எட்டிப் பிடிக்கிற சாமான். சாம்பிராணிக்குக்கூட அம்மாவிடம் அந்த நாட்களில் தடைபோட்டோம்.

முதல் நாள் முழுவதும் துடைப்புத்தான். வெள்ளைப் படலம் போனது. அழுக்குப் படிந்த மூலைகளுக்கு மாத்திரம் மிக மெல்லிய அரத்தாள். யாளி முகத்திலும் கொம்புக் கோடுகளிலும் நிறங்கள் ஸ்பிரிற்றுக்குக் கரைந்து ஓடக்கூடும் என்பதால் அங்கே துணி போடாமல் சிறு தூரிகையால் ஒரே ஒரு படை. இரண்டாம் நாளிலிருந்து பொலிஷ். பஞ்சை உருட்டி வெள்ளைத் துணியில் கட்டினால் முட்டை அளவில் ஒரு பொட்டலம். பஞ்சுக்குள் அரக்கை ஊற்றவேண்டும், துணிக்கு மேலே அல்ல. அடியில் கடுகளவு எண்ணெய் தொட்டால் ஒட்டாமல் வழுக்கும். முதலில் மரத்தின் வரியோடு நேராக, பிறகு சின்னச் சின்ன வட்டமாக, பிறகு எட்டு எழுதுவது போல. ஓடுகிற கை நடுவில் நிற்கக்கூடாது. நின்றால் துணி ஒட்டிக்கொண்டு கீழே உள்ள படையையும் உரித்துவிடும். சகோதரியின் கை நிற்கவில்லை. வெடிப்பு அடைத்த இடத்தில் அரக்கோடு துளி மண்ணிறச் சாயம் கலந்து இரண்டு தடவை கூடுதலாகத் தொட்டாள். இப்போது தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

தினமும் இரண்டு மூன்று தடவை, இடையில் ஒரு நாள் ஓய்வு, இப்படி ஒன்பது நாள். மேற்பலகையில் மெல்லிதாக, குடத்தின் முதுகிலும் தண்டியின் அடியிலும் கொஞ்சம் கூடுதலாக.

அந்தத் தடம்

மணிக்கட்டுத் தடத்தில் என்ன செய்வது என்பதைக் கடைசிக்கு வைத்திருந்தோம். பூச்சே இல்லாத வெறும் மரம் அது. அப்படியே விட்டால் பேத்தியின் வியர்வையும் தூசியும் ஊறும். கொஞ்ச நாளில் தாயின் தடம் எது, மகளின் அழுக்கு எது என்று தெரியாது. மூடிவிட்டால் அம்மாவின் விரலுக்கு அந்த மரம் நேரே படாது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. படித்தவள் என்று என்னைப் பார்த்தார்கள். சமூகவியல் பாடத்தில் இதற்கு விடை இல்லை.

அம்மா ஒரு கேள்விதான் கேட்டார்: "பூசினாப் பிறகு வேண்டாமெண்டா எடுக்கலாமோ?"

"எடுக்கலாம் அம்மா. ஸ்பிரிற் போட்டுத் துடைச்சா அரக்கு வந்திடும், மரத்தில ஊறின கறுப்பு அப்பிடியே நிக்கும்" என்றாள் சகோதரி. பொலியூரிதேன் என்றால் அந்தப் பதிலைச் சொல்லியிருக்க முடியாது.

அம்மா பேத்தியைக் கூப்பிட்டார். பொலிஷ் போடுமுன் அவளுடைய வலது மணிக்கட்டை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். பிள்ளை வைத்தாள். கை சற்று உள்ளே தள்ளி விழுந்தது, அவளுக்குத் தாயை விடக் கை நீளம். யாரும் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு சகோதரி இரண்டு மெல்லிய படை மாத்திரம் போட்டாள். எட்டு வடிவம் இல்லாமல், வரியோடு நேராக.

அரக்குக்குக் குறைகளும் உண்டு. சூடான தேநீர்க் கோப்பை வைத்தால் வட்டம் விழும். தண்ணீர் நின்றால் வெளிறும். வியர்வை அடிக்கடி பட்டால் தேயும். அதற்காக இரண்டு வாரம் கழித்து, தேன்மெழுகைக் கற்பூரத் தைலத்தில் இளக்கிச் செய்த மெழுகை மெல்லிதாகத் தேய்த்தோம். மெழுகை நேரடி நெருப்பில் இளக்கக்கூடாது, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளக்கி, அடுப்பை அணைத்த பிறகு தைலம் ஊற்றவேண்டும். மெட்டுக்கள் நிற்கிற கறுப்பு மெழுகு வேறு, அது தேன்மெழுகும் கரியும் சேர்ந்தது. மெட்டுக் கட்டுகிறவர் வருவது எப்போதும் பொலிஷ் காய்ந்த பிறகுதான். இருபத்துநான்கு மெட்டையும் சுருதி பார்த்து நிறுத்தியபின் அதற்குப் பக்கத்தில் ஸ்பிரிற் துணியோடு போகிறவருக்கு அவர் கையால் அடி விழும்.

வாசித்து முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைப்பது, வெயில் விழுகிற யன்னலோரத்தில் வைக்காமல் விடுவது, பரணில் ஏற்றாமல் விடுவது. இந்த மூன்றையும் பேத்தி ஒரு கடதாசியில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கிறாள்.

கனடாவுக்குப் படம் அனுப்பினார்கள். "உதென்ன, பழசு மாதிரித்தானே இருக்கு" என்று மகனிடமிருந்து பதில் வந்தது. சற்று நேரம் கழித்து, மணிக்கட்டு இடத்தைக் கிட்டவாக எடுத்து அனுப்பச் சொல்லி இன்னொரு செய்தி வந்தது. பேத்திக்கு மினுக்கம் போதவில்லை என்ற குறை இன்னும் இருக்கிறது. ஆனால் மாலையில் அவள் சாதகம் செய்யும்போது ஒழுங்கைக்குக் கேட்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

மிச்ச அரக்குப் போத்தலைச் சகோதரி கொண்டு போனாள். அதற்குள் உடுவிலில் இன்னொரு வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. அங்கே போய்ச் சோதித்தபோது பஞ்சு வெள்ளையாகவே இருந்ததாம். யாரோ அந்த வீணைக்குக் கதவுக்குப் பூசுகிற பெயின்ற் பூசியிருக்கிறார்கள். "இது ஒரு மாதத்து வேலை" என்று சொல்லி, ஆண்களுக்குக் கொடுக்கிற அதே நாட்கூலியைக் கேட்டிருக்கிறாள். வீட்டுக்காரர் யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். மூன்றாம் நாள் கூப்பிட்டார்கள்.